ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஸ்கோப்: ஒன்று செத்தது, ஒன்று ஓடுகிறது

ஏர் ரைஃபிள் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. 4.5 மி.மீ., குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் வகை. குண்டின் வேகச் சக்தி 20 ஜூலுக்குள் என்பதால் லைசென்ஸ் தேவைப்படவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் மாமனார் தோப்பில் மணல் மூட்டைகளை அடுக்கி, முன்னால் காகித இலக்கு ஒட்டிச் சுடுவது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுது. ரைஃபிளில் இதுவரை ஒரு சீலும் ஒரு ஸ்பிரிங்கும்தான் மாற்றினேன். காசைத் தின்றது அதன் தலையில் உட்கார்ந்திருந்த ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிதான்.

முதல் ஸ்கோப்பை வாங்கும்போதே, "இது தாங்குமா?" என்று கேட்டேன். "சார், இதப் பெரிய ரைஃபிள்லயே மாட்டுறாங்க. உங்க ஏர்கன் எம்மாத்திரம்?" என்றார் கடைக்காரர். நியாயமாகத்தான் பட்டது. 500 பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) கொண்ட டப்பா இரண்டு தீருவதற்குள் அது போய்விட்டது.

ஒரே நாளில் போகவில்லை. பத்து மீட்டரில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிய ஐந்து ஓட்டைகள் வாராவாரம் விலகிக்கொண்டே போயின. பெல்லட்டைச் சந்தேகப்பட்டு வேறு டப்பா வாங்கினேன். குழலைத் துடைத்தேன். காலையில் குடித்த காபியைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, ரைஃபிளோடு வந்த இரும்புக் குறியில் சுட்டால் ஐந்தும் ஒரே இடத்தில். ஸ்கோப்பைக் காதோரம் வைத்து ஆட்டினேன். கிலுகிலுப்பை மாதிரி சத்தம்.

வெடிமருந்து ரைஃபிள் பின்னால் மட்டும்தான் உதைக்கும். அந்த ஒரு திசைக்கு ஏற்றபடி உள் லென்ஸ்களை இறுக்கிவைத்தால் ஸ்கோப் பிழைத்துக்கொள்ளும். ஸ்பிரிங் ரைஃபிள் அப்படியில்லை. விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாய, ரைஃபிள் பின்னால் நகர்கிறது. அடுத்த கணமே பிஸ்டன் சிலிண்டர் முனையில் காற்றை நெருக்கி நின்றுவிட, ரைஃபிள் முன்னால் வெட்டி இழுக்கிறது. உதை சிறியதுதான், ஆனால் இரண்டு பக்கமும். லென்ஸ் பிடி தளர்வதும், ஸ்கோப்புக்குள் சிலுவையாகத் தெரியும் குறிக்கம்பி அறுவதும் இந்த முன்வெட்டில்தான். பெல்லட் போடாமல் சுட்டால் பிஸ்டனைத் தடுக்கக் காற்று மெத்தையே இருக்காது, அடி இன்னும் மோசம். மச்சினன் பையன் ஒருநாள் அப்படி நாலைந்து முறை சொடுக்கி விளையாடினான். அதற்கும் இதில் பங்கு இருக்கலாம், விடுங்கள்.

இரண்டாவது ஸ்கோப் வாங்கும்போது 'ஸ்பிரிங் ஏர்கன் ரேட்டட்' என்று எழுதியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். 3-9x40, அதாவது 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 40 மி.மீ.; குறிக்கோடு கம்பியில் இல்லாமல் கண்ணாடியிலேயே பொறித்தது. முன்பக்க வளையத்தைத் திருப்பினால் பத்து கஜத்திலும் தெளிவாகத் தெரியும். பழையது நூறு கஜத்துக்கு அமைத்தது; பத்து மீட்டரில் பனிமூட்டம், தலையைக் கொஞ்சம் அசைத்தால் குறியும் நகரும். 50 மி.மீ. முன்லென்ஸ் ஆசை வேண்டாம். எடை கூடக்கூட, ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்துவைக்கும் மவுண்ட் வழுக்கும்.

அந்த வழுக்கலைத்தான் நான் தாமதமாகப் புரிந்துகொண்டேன். ரைஃபிளின் மேலுள்ள 11 மி.மீ. தண்டவாளத்தில் இரண்டு தனி மவுண்ட்டுகள் போட்டிருந்தேன். வீட்டுக்காரியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து மவுண்ட்டும் தண்டவாளமும் சேருமிடத்தில் ஒரு கோடு இழுத்தேன். நூறு சுடு முடிவதற்குள் கோடு இரண்டாக உடைந்து, மேல் பாதி ஒரு மில்லிமீட்டர் பின்னால் போயிருந்தது. இப்போது நீளமான ஒற்றை மவுண்ட். அதன் அடியில் இருக்கும் சிறு முளை தண்டவாளத்துத் துளைக்குள் இறங்கி நிற்கிறது. அதற்கப்புறம் கோடு உடையவில்லை.

இன்னொரு வில்லங்கம், மடக்கும் குழல் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது. என் ரைஃபிளில் குண்டு நாலு சென்டிமீட்டர் கீழே விழுந்தது. ஸ்கோப்பின் திருகில் ஒரு க்ளிக் என்பது கால் நிமிடக் கோணம்; அது பத்து மீட்டரில் குறியை முக்கால் மில்லிமீட்டர்கூட நகர்த்தாது. ஆக, ஐம்பதுக்கும் மேல் திருக வேண்டும். அப்படித் திருகித் திருகி மேல்கோடியை நெருங்கினால் உள்குழாயை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, ஒவ்வொரு உதைக்கும் குறி இடம் மாறும். நல்ல ஸ்கோப்பையும் கெட்டது என்று நினைக்கவைக்கும் இடம் இது. பின் வளையத்துக்குள் பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்தேன், சரியாயிற்று. தடிமனாக வைத்தால் ஸ்கோப் குழாய் நசுங்கும். அந்த நிலையில் சாய்வு மவுண்ட்தான் வழி.

இந்த ஸ்கோப் ஐந்து வருடத்தில் இருபது டப்பாவுக்கு மேல் பார்த்துவிட்டது. மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறேன். அவ்வளவுதான் பராமரிப்பு.

ஆனாலும் பத்து மீட்டருக்கு மட்டும் என்றால் ஸ்கோப்பே வேண்டாம் என்பேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது பீப் சைட்டில்தான், அதாவது சிறு துளை வழியே பார்க்கும் குறியில். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. கடற்கரைப் பலூன் கடைத் துப்பாக்கியைப் பாருங்கள். நாள் முழுக்க ஊரார் கையில் அடிபடுகிறது, இரும்புக் குறி அப்படியே நிற்கிறது. உடைய அதில் கண்ணாடியே இல்லையே. பச்சை, சிவப்பு ஃபைபர் இழை வைத்த குறி பார்க்க அழகு. எனக்கு அந்த இழை இரண்டு முறை ஒடிந்தது. நான் இப்போது 25 மீட்டருக்கு ஸ்கோப்பும் பத்துக்கு பீப் சைட்டும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். இரும்புக் குறியே இல்லாத ரைஃபிள்களும் கடையில் இருக்கின்றன. அதில் ஸ்கோப் கெட்டதா, ரைஃபிள் கெட்டதா என்று கண்டுபிடிக்க இன்னொரு ஸ்கோப் வாங்க வேண்டியிருக்கும்.