டர்பனில் வீடு வாங்க: ஏஜென்ட்டின் சான்றிதழ் எதுவரை காப்பாற்றும்?

சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீடு பார்க்கப் போகிறவர்கள் விலையையும் வட்டியையும் துருவித் துருவிக் கேட்பார்கள். ஏஜென்ட்டிடம் அவர் தொழில் செய்ய உரிமை தரும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழைக் கேட்க மட்டும் கூச்சப்படுவார்கள். அதை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பதே சட்டம். நிறுவனத்துக்கு ஒன்று, வீட்டைக் காட்டும் ஆளுக்கு ஒன்று, இரண்டையும் பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் 1976-ஆம் ஆண்டு எஸ்டேட் ஏஜென்ட் தொழில் சட்டம் (112-ஆம் எண்) இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வாங்குபவரின் முன்பணம் ஏஜென்ட் கையில் தங்கும் நாட்கள்தான் ஆபத்தானவை. அதனால் பணம் தனி டிரஸ்ட் கணக்கில் இருக்க வேண்டும். ஏஜென்ட் சுருட்டிவிட்டால் ஃபிடெலிட்டி ஃபண்ட் என்னும் பொது நிதியிலிருந்து ஈடு கோரலாம். 2008-இல் ஏஜென்ட்டுகளுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாயின. 2022 பிப்ரவரி 1 முதல் அதன் இடத்தில் 2019-இன் சொத்துத் தொழில் செய்வோர் சட்டம் (22-ஆம் எண்) நடப்பில் உள்ளது. வீட்டுக்கடன் தரகரும் இப்போது இதற்குள் வருகிறார்.

புதிய சட்டத்தில் மிக வலுவான பகுதி கமிஷன் விதி. செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாதவருக்குக் கமிஷன் கேட்கவே உரிமை இல்லை. பத்திரம் மாற்றும் வழக்கறிஞரும் சான்றிதழின் நகலைப் பெறாமல் பணம் கொடுக்கக் கூடாது. வருமானத்திலேயே கை வைப்பதால் அபராதத்தைவிட இது நன்றாக வேலை செய்யும் என்பதே எங்கள் கணிப்பு.

ஆனால் கூரை ஒழுகினாலோ ஏஜென்ட் தவறான ஆலோசனை சொன்னாலோ அந்த நிதி ஒரு ராண்ட்கூடத் தராது. அங்கே உதவுவது விற்பவர் கையெழுத்திட்ட குறை அறிவிப்புப் படிவம். அது இல்லாமல் ஏஜென்ட் விற்பனைப் பொறுப்பையே ஏற்கக் கூடாது. ஒப்பந்தத்தோடு அதை இணைக்காவிட்டால், எந்தக் குறையும் உங்களிடம் சொல்லப்படவில்லை என்றே சட்டம் கொள்ளும். கூரை, குழாய், மின்சாரம் பற்றிய வரிகளை நிதானமாகப் படியுங்கள். நம் பகுதிகளில் முக்கியமானது அனுமதியில்லாமல் பின்னால் இழுத்துக் கட்டிய அறை. சரிவான மனையென்றால் தாங்குசுவரையும் நேரில் பாருங்கள். டர்பனைத் தாக்கிய 2022 ஏப்ரல் வெள்ளத்தை நினைவில் வையுங்கள்.

முன்பணத்தை ஏஜென்ட்டின் சொந்தக் கணக்கில் ஒருபோதும் போடாதீர்கள். வங்கி விவரம் மின்னஞ்சலில் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அழைத்துச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு 1999-இன் வாடகை வீட்டுச் சட்டம் உண்டு. டெபாசிட் வட்டி தரும் கணக்கில் இருக்க வேண்டும். குடியேறும்போதும் காலி செய்யும்போதும் இருவரும் சேர்ந்து வீட்டைச் சோதித்து எழுதிக்கொள்ள வேண்டும். சேதமும் பாக்கியும் இல்லையென்றால் 7 நாளில் வட்டியோடு பணம் திரும்ப வர வேண்டும்.