"குவாலிட்டி குறையாது" என்று சொல்லும் கடையில் ஹார்டு டிஸ்கைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்

பழைய படங்களை மொத்தமாகப் பெரிதாக்கி ஆல்பம் போட யாராவது கடை தேடிக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் வீட்டில் 31 படங்கள் போய்விட்டன. அவற்றுக்கு எங்களிடம் பிரிண்ட்டும் கிடையாது.

அடுத்த மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஜாபர்கான்பேட்டை வீட்டில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டன. அதற்கு மூன்று வருடம் முன்பே அண்ணன் ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்து ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு வைத்திருந்ததால்தான் எங்களுக்கு இன்று பாட்டி முகமே இருக்கிறது. அதோடு சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் சேர்த்து மொத்தம் 412 படங்கள். திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். "எல்லாத்தையும் 12க்கு 18 சைஸுக்கு, 300 டிபிஐல ஏத்தித் தர்றோம் மேடம், குவாலிட்டி கொஞ்சமும் குறையாது, படத்துக்கு 15 ரூபாய், நாளைக்கே வாங்கிக்கலாம்" என்றார் கடைக்காரர். மூவாயிரம் முன்பணம் கொடுத்து, டிஸ்கையும் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும், எடுக்கவில்லை.

மறுநாள் இரவு அம்மாவிடம் லேப்டாப்பைக் காட்டினேன். பாட்டி படத்தைப் பார்த்து அம்மா கேட்ட கேள்வி, "யாருடி இது?"

உண்மையிலேயே அது யாரோதான். பாட்டி நெற்றி ஓரத்தில் அம்மைத் தழும்பு ஒன்று இருக்கும், அது இல்லை. எட்டுக்கல் பேசரி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. தோல் மெழுகு பூசியது போல வழுவழுவென்று, கண் இரண்டிலும் யாரோ விளம்பரப் பெண்ணின் பளபளப்பு. அடுத்த படம் தாத்தாவின் மளிகைக் கடை வாசலில் எடுத்தது. ஸ்கேனில் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் போர்டில் அவர் பெயரைப் படிக்க முடியும். இப்போது அதே போர்டில் கூர்மையான, தெளிவான, எந்த மொழியிலும் இல்லாத கோடுகள். தமிழ் எழுத்து மாதிரி சுழிக்கிறது, ஆனால் ஒரு எழுத்தும் எழுத்தாக இல்லை.

ஏன் இப்படி ஆனது என்று அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அண்ணன் ஸ்கேன் செய்தவை பெரும்பாலும் 4க்கு 6 அங்குலப் படங்கள், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி). அதாவது 1200க்கு 1800 பிக்சல். 12க்கு 18 அங்குலத்தை 300 டிபிஐயில் அச்சடிக்க 3600க்கு 5400 வேண்டும். நீளத்தில் மூன்று மடங்கு, அகலத்தில் மூன்று மடங்கு, ஆக ஒன்பது மடங்கு புள்ளிகள். ஒன்பதில் ஒன்றுதான் நம் படத்தில் இருந்தது, மீதி எட்டையும் மென்பொருள்தான் நிரப்ப வேண்டும். பைகியூபிக், லான்சோஸ் போன்ற பழைய முறைகள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துச் சராசரி போலக் கணக்கிட்டு நிரப்பும். படம் கொஞ்சம் மழுங்கும், ஆனால் பொய் சொல்லாது. கடையில் போட்டது போன்ற ஏஐ முறைகள் ஏற்கெனவே பழகிய ஆயிரக்கணக்கான படங்களை வைத்து "இங்கே இப்படித்தான் இருக்கும்" என்று ஊகித்து வரையும். இலைக்கும் சுவருக்கும் அது பரவாயில்லை, முகத்துக்கு ஆகாது. அதிலும் முகம் சீராக்கும் வசதியை ஆன் செய்துவிட்டு ஸ்கேன் படங்களை எல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளினால், மங்கிய முகமெல்லாம் அதற்குத் தெரிந்த முகமாக மாறும். தழும்பை அது அழுக்கு என்று துடைத்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் நடந்தது இன்னும் மோசம். ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தேன், பிக்சல் அளவு போன மாதிரியே திரும்பி வந்திருந்தது. 72 என்று இருந்த டிபிஐ எண் மட்டும் 300 ஆகியிருந்தது. டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி வைத்து அச்சடிக்கலாம் என்று ஃபைலுக்குள் இருக்கும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அதை மாற்றுவதால் படத்தில் ஒரு புள்ளிகூடக் கூடாது. இந்த வேலைக்கும் 15 ரூபாய்.

சரி, பழையதையே வைத்துக்கொள்வோம் என்று டிஸ்கைத் திறந்தால் பழையது இல்லை. கடைக்குப் போய்க் கேட்டபோது அங்கே வேலை செய்யும் பையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், "அதே ஃபோல்டர்லயே அவுட்புட் கொடுத்துட்டேன்க்கா, பழையது மேலயே சேவ் ஆயிடுச்சு." கடைக்காரரோ, "300 டிபிஐ கேட்டீங்க, கொடுத்தாச்சே மேடம்" என்கிறார். முன்பணம் திரும்ப வரவில்லை. எனக்குப் பணம்கூடப் பெரிதில்லை, ஒருவரின் குடும்பத்துப் படங்களைக் காப்பி எடுக்காமல் தொடலாமா?

டிஸ்கில் அதற்குப் பிறகு எதையும் எழுதாமல் ரிச்சி தெருவில் அழிந்த ஃபைல்களை மீட்டுத் தரும் கடையில் கொடுத்ததில் பாதிக்கு மேல் கிடைத்தது. அண்ணன் 2013ல் சித்தப்பாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த சில ஜிப் ஃபைல்களில் இன்னும் கொஞ்சம், பாட்டி படமும் அதில்தான் இருந்தது. மற்றதெல்லாம் சேர்த்தும் 31 குறைகிறது.

மயிலாப்பூரில் பழைய ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இப்போது ஆல்பம் வேலையைக் கொடுத்திருக்கிறோம். அவர் முதலில் சொன்னதே, "எல்லாத்தையும் எதுக்கும்மா பெருசாக்கணும்? ஒரு பக்கத்துல நாலு படம் வைங்க, இருக்கிற அளவே அழகா வரும்." 1200க்கு 1800 படத்தை 5க்கு ஏழரை அங்குலத்தில் வைத்தால் 240 டிபிஐ, ஆல்பத்துக்கு அது தாராளம். முழுப் பக்கத்துக்குப் பத்தே படங்கள்தான் தேர்ந்தெடுத்தோம். அவற்றை நானே வீட்டில் செய்தேன். அப்ஸ்கேல் (Upscayl) என்ற இலவச ஏஐ மென்பொருளில் இடம், கட்டடம் இருக்கும் படங்களை மட்டும் பெரிதாக்கி, முகம் இருப்பவற்றை எக்ஸ்என்கன்வெர்ட் (XnConvert) என்ற மென்பொருளில் லான்சோஸ் போட்டு, அவுட்புட்டை வேறு ஃபோல்டருக்குக் கொடுத்தேன். இடையில் ஜேபெக்காகச் சேமிக்கவில்லை, ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அது கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் தரம் இழக்காத பிஎன்ஜி, டிஃப் வடிவங்களிலேயே வைத்திருந்து கடைசியில் ஒரே முறை மாற்றினேன். பத்தையும் 100 சதவீத அளவில் வைத்து, பழையதைப் பக்கத்தில் திறந்து, கண், மூக்கு, நகை, எழுத்து என்று பார்த்தேன். கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் காப்பியை மட்டும் கொடுங்கள், முதலில் ஒரே ஒரு முகப்படத்தைச் செய்து காட்டச் சொல்லி, அந்த முகத்தை நேரில் பார்த்த யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

கிடைக்காத 31ல் தாத்தாவின் கடை வாசல் படமும் ஒன்று. திருவாரூர் அத்தை வீட்டில் அதன் பிரிண்ட் ஒன்று இருக்கலாம் என்கிறார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை போகிறோம். ஸ்கேனரைக் கையோடு எடுத்துப் போகிறேன், இந்த முறை 600ல் வைத்து.