கே1000, ஓஎம்-1, எஃப்எம்2: 15 வருடம் மூன்றோடும் பழகிய பிறகு

பழைய ஃபிலிம் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் கேமரா) வாங்கப் போகிறேன், எந்த பாடி, அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா, எடுக்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஷட்டர் வேகத்தையும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பென்டாக்ஸ் கே1000, ஒலிம்பஸ் ஓஎம்-1, நிக்கான் எஃப்எம்2 மூன்றையும் 15 வருடம் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு, நான் முதலில் கேட்பது வேறு. கண்ணை வைத்ததும் உங்களுக்கு என்ன தெரிகிறது?

படத்தின் தரம் லென்ஸிலும் ஃபிலிமிலும் இருக்கிறது. பாடி என்பது வெளிச்சம் புகாத ஒரு பெட்டி, ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் ஒரு ஷட்டர், கண் வைத்துப் பார்க்கும் ஒரு வியூஃபைண்டர். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று காத்திருந்து எடுக்கும்போது நாம் இருப்பது அந்த வியூஃபைண்டருக்குள்தான். அது கண்ணுக்கு ஒத்துவராவிட்டால் கேமரா அலமாரியை விட்டு வெளியே வராது.

ஓஎம்-1-ஐ முதன்முதலாகக் கண்ணில் வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. 1972-இல் எம்-1 என்று வந்து, அடுத்த வருடமே ஓஎம்-1 என்று பெயர் மாறிய கேமரா. வடிவமைத்தவர் யோஷிஹிசா மைதானி. பாடி உள்ளங்கையில் அடங்கிவிடும், எடை அரைக் கிலோவை ஒட்டி. ஆனால் உள்ளே பார்த்தால் ஒரு ஜன்னலே திறந்த மாதிரி இருக்கும். 50 மி.மீ. லென்ஸ் போட்டால் உருப்பெருக்கம் 0.92, ஃபிலிமில் விழும் காட்சியில் 97 சதவீதம் தெரியும். எஃப்எம்2-இல் இது 0.86, 93 சதவீதம். எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம். மங்கலான அறையில் ஒருவர் கண்ணிமையில் ஃபோகஸ் வைக்கும்போது அது சின்னதில்லை.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் கண்ணாடி போடுபவன். ஓஎம்-1-இன் பெரிய காட்சியில் நான்கு மூலைகளையும் பார்க்க நான் விழியை உருட்ட வேண்டியிருக்கிறது. எஃப்எம்2-இல் சட்டம் முழுவதும் அதைவிடச் சுலபமாகக் கண்ணுக்குள் வருகிறது. கண்ணாடி போடாத நண்பர்களுக்கு ஓஎம்-1-ஐத் தயங்காமல் கைகாட்டுவேன். போடுபவர்களிடம், கையில் வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள் என்பேன்.

மீட்டர் காட்டும் விதத்திலும் பெரிய வேறுபாடு இருக்கிறது. கே1000, ஓஎம்-1 இரண்டிலும் ஊசி. எஃப்எம்2-இல் கூட்டல், வட்டம், கழித்தல் என்று மூன்று சிவப்பு எல்இடி. உச்சி வெயிலில் ஊசி பளிச்சென்று தெரியும், எல்இடி கொஞ்சம் வெளிறிவிடும். விளக்கு வைத்த பிறகு கதை தலைகீழ். ஊசி இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும், எல்இடி தெளிவாக நிற்கும். நான் மாலை வெளிச்சத்தில் அதிகம் எடுப்பவன், அதனால் எஃப்எம்2 பக்கம் சாய்ந்தேன். அதிலேயே ஷட்டர் வேகமும் அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எண்ணும் வியூஃபைண்டருக்குள் தெரிகின்றன. மற்ற இரண்டிலும் ஊசியைத் தவிர எதுவும் தெரியாது. கேமராவை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

எஃப்எம்2-இல் இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மீட்டர் வேலை செய்ய ஃபிலிம் சுற்றும் லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைக்க வேண்டும். வலது கண்ணால் பார்த்தால் அது இருப்பதே தெரியாது. இடது கண்ணை வைத்தால் லீவர் நெற்றியில் வந்து இடிக்கும்.

கே1000 இவற்றில் மிக எளிமையானது. 1976 முதல் 1997 வரை தயாரித்தார்கள் என்பதே அதன் குணத்தைச் சொல்லும். செல்ஃப் டைமர் கிடையாது, டெப்த் ஆஃப் ஃபீல்டு (படத்தில் எவ்வளவு ஆழம் வரை தெளிவாக விழும் என்பது) பார்க்கும் வசதி கிடையாது, மீட்டருக்குத் தனி சுவிட்சும் கிடையாது. வெளிச்சம் பட்டால் மீட்டர் விழித்துக்கொள்ளும், லென்ஸ் மூடியைப் போட்டால் தூங்கிவிடும். மூடியைப் போட மறந்தால் பேட்டரி தீரும், அவ்வளவுதான். கற்றுக்கொள்ள இதைவிட நேர்மையான கேமராவை நான் பார்த்ததில்லை.

பேட்டரி தீர்ந்தாலும் இந்த மூன்றிலும் மீட்டர் மட்டும்தான் நிற்கும். ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். இதன் அருமை எனக்குத் தெரிய ஒரு பயணம் தேவைப்பட்டது. நடுவில் கொஞ்ச நாள் முழுக்க எலக்ட்ரானிக் ஷட்டர் உள்ள ஒரு பாடி வைத்திருந்தேன். குளிர் அடிக்கும் மலைமேல், சூரியன் எழும்பும் நேரத்தில், பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. குளிரில் பேட்டரி சோர்ந்துவிட்டது. எடுத்துக் கைக்குள் பொத்திச் சூடாக்கிப் போட்டபோது வெளிச்சம் போய்விட்டது. அன்றிலிருந்து மெக்கானிக்கல் ஷட்டர்தான். ஆனால் ஆட்டோ எக்ஸ்போஷர் வேண்டும் என்று நினைப்பது தவறில்லை. அப்படி நினைப்பவர்கள் நிக்கான் எஃப்இ2-ஐப் பார்க்கலாம். அப்பர்ச்சரை நாம் வைத்தால் வேகத்தை அது பார்த்துக்கொள்ளும், பேட்டரி போனாலும் 1/250 விநாடியில் மட்டும் மெக்கானிக்கலாக ஓடும். கேனான் ஏஇ-1 போன்றவற்றில் அந்த ஒரு வேகம்கூட இருக்காது. மாற்று பேட்டரி பையில் இருந்தே ஆக வேண்டும்.

ஓஎம்-1-இன் மீட்டர் 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அது இப்போது தயாரிப்பில் இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் பொருந்தும், ஊசியும் ஆடும். ஆனால் இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டும். அதை நம்பி எடுத்தால் படம் அண்டர் ஆகும், அதாவது ஃபிலிமுக்கு வெளிச்சம் போதாது. என் முதல் நான்கு ரோலில் நிழல் பகுதிகள் ஒன்றுமில்லாமல் போனது இதனால்தான். நெகட்டிவ் ஃபிலிம் ஓவரை (வெளிச்சம் கூடிப்போவதை) பொறுத்துக்கொள்ளும், அண்டரைப் பொறுக்காது. அப்புறம் காதுக்கருவிக்குப் போடும் 1.4 வோல்ட் ஜிங்க்-ஏர் பேட்டரிக்கு மாறினேன். சில மாதங்களில் தீர்ந்துவிடும், ஆனால் மீட்டர் சரியாகச் சொல்கிறது.

ஃப்ளாஷ் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனியுங்கள். துணித் திரை ஷட்டர் உள்ள கே1000, ஓஎம்-1 இரண்டும் 1/60 விநாடியில்தான் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும். அதற்கு மேல் போனால் இரண்டாவது திரை முதல் திரையைத் துரத்திக்கொண்டு வருவதால் படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும்தான் ஃப்ளாஷ் வெளிச்சம் கிடைக்கும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் போட்டு முகத்து நிழலை ஃப்ளாஷால் நிரப்ப நினைத்தால், 1/60-க்கு அப்பர்ச்சரை எஃப் 22 என்ற மிகச் சிறிய துளை வரை மூட வேண்டும். சின்ன ஃப்ளாஷ் அந்த எஃப் 22-க்கு ஈடுகொடுக்காது. 1982-இல் வந்த எஃப்எம்2-இல் இது 1/200, 1984-இல் 1/250 ஆனது. எஃப் 11 போதும். அதன் 1/4000 வேகத்தைவிட இதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது.

பாடியோடு, லென்ஸை மாட்டும் வளையமான மவுண்ட்டும் சேர்ந்து வருகிறது. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இலிருந்து இருப்பதால் எல்லாம் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். 1977-க்கு முந்தைய, ஏஐ (அந்த வருடம் நிக்கான் கொண்டுவந்த புதிய அப்பர்ச்சர் இணைப்பு முறை) ஆக மாற்றப்படாத லென்ஸ்களை எஃப்எம்2-இல் மாட்டக் கூடாது. பழைய எஃப்எம்மில் மடக்கக்கூடிய தாழ் இருப்பதால் மாட்டலாம். அப்பர்ச்சர் வளையமே இல்லாத புதிய லென்ஸ்கள் எஃப்எம்2-இல் மிகச்சிறிய அப்பர்ச்சரில் நின்றுவிடும்.

சரி, மாடல் முடிவாகிவிட்டது. இனிமேல் கையில் இருக்கும் அந்த ஒரு கேமராதான் பேச்சு. நன்றாகப் பராமரித்த கே1000, கவனிக்காமல் கிடந்த எஃப்எம்2-ஐவிட எவ்வளவோ மேல். பின்கதவைத் திறந்து ஒரு விநாடி வேகத்தில் ஓட்டிக் காதால் கேளுங்கள். நடுவில் இழுத்தால் சர்வீஸ் தேவை. பிறகு 1/1000-இல் வைத்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான சுவரைப் பார்த்து ஓட்டுங்கள். துணித் திரையில் ஒரு ஓரம் இருண்டு தெரிந்தால் திரைகளின் வேகம் ஒத்துவரவில்லை. ஓஎம்-1 என்றால் வியூஃபைண்டரில் கறுப்புக் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காட்சியைக் கண்ணுக்குத் திருப்பும் கண்ணாடிப் பிரிஸத்தைச் சுற்றியுள்ள ஃபோம் அழுகி, வெள்ளிப்பூச்சை அரித்துவிடும்.

கதவு மூடும் பள்ளத்திலும் ஃபோம் உண்டு. பல் குச்சியால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் மாற்ற வேண்டும், இல்லையென்றால் கலர் படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத் தீற்றல் விழும். குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பள்ளத்தில் மெதுவாக உருட்டினால் கறுப்புப் பிசின் சுருண்டு வரும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒரு துணுக்கும் திரையில் விழக் கூடாது. ஒரு பாடிக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதைத் தொடர்ந்து புது ஃபோமை ஒட்டி, கதவு மூடும்போது எழும் அந்த மெத்தென்ற சத்தத்தைக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

இப்போது எஃப்எம்2 தினமும் என்னோடு வருகிறது. எடை குறைவாக வேண்டும் என்ற நாட்களில் ஓஎம்-1. கே1000-ஐ அண்ணன் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது ரோலின் நடுவில் கூப்பிட்டாள். "சித்தப்பா, ஊசி நடுவில் நிற்கிறது, ஆனால் ஷட்டர் எதில் இருக்கிறது என்று உள்ளே தெரியவில்லையே?" கேமராவை இறக்கி டயலைப் பார்க்கச் சொன்னேன். 1/30-இல் இருந்தது.