உணவகக் குழுமத்திற்கு ஒரு மின்னஞ்சல் காப்பகம்: ஏழு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் உணவகம் 3 கிளைகளிலிருந்து 11 கிளைகளாக வளர்ந்த ஏழு ஆண்டுகளில், அலுவலகப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் 2 மின்னஞ்சல் காப்பகங்களை (வரும், போகும் மடல்களின் நகலைப் பல ஆண்டுகள் தேடக்கூடிய வகையில் சேமித்து வைப்பவை) பயன்படுத்தியிருக்கிறேன். முதலாவதைத் தேர்ந்தெடுத்ததில் தவறு செய்தேன். இரண்டாவதோடு ஐந்து ஆண்டுகளாகப் பெரும்பாலும் நிறைவோடு இருக்கிறேன். தேடல் எவ்வளவு வேகம், எத்தனை ஜிபி இடம் தருகிறார்கள் என்பவற்றைக் கேட்டுத்தான் முதலாவதை வாங்கினேன். மடல் எந்த இடத்தில் பிடிக்கப்படுகிறது, அது யாருடைய பெயரில் கிடக்கிறது, தேவைப்பட்டால் எப்படி வெளியே வரும் என்று கேட்கத் தோன்றவில்லை. இந்தத் தொழிலுக்கு வேண்டியவை இந்த மூன்றும்தான் என்பது பின்னால்தான் புரிந்தது.

காப்பகம் வேண்டும் என்ற எண்ணமே ஓர் இழப்பிலிருந்து வந்தது. ஒரு கிளை மேலாளர் வேலையை விட்டுச் சென்றதும், மாதச் சந்தா வீணாக வேண்டாம் என்று அந்த வாரமே அவருடைய மின்னஞ்சல் கணக்கை நீக்கினோம். இரண்டு மாதம் கழித்து அந்தக் கிளையின் குளிர்பதன அறையில் கம்ப்ரசர் பழுதானது. உத்தரவாதக் காலத்தை நீட்டித்துத் தருவதாக விற்பனையாளர் எழுதிய மடல் அந்த மேலாளருக்குத்தான் வந்திருந்தது. அப்படி எதுவும் எழுதவில்லை என்று விற்பனையாளர் சாதித்தபோது எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. நீக்கிய கணக்கைக் கூகுள் ஒர்க்ஸ்பேஸில் 20 நாட்களுக்குள்ளும், மைக்ரோசாஃப்ட் 365-இல் 30 நாட்களுக்குள்ளும் மீட்கலாம். எந்தக் கணக்கின்படி பார்த்தாலும் நாங்கள் பிந்திவிட்டோம்.

"பேக்கப் இருக்கிறதே" என்று எங்கள் கணினிப் பராமரிப்பாளர் ஆறுதல் சொன்னார். பேக்கப் என்பது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அஞ்சல்பெட்டி இருந்த நிலையின் நகல் மட்டுமே. இரவு 2 மணிக்கு எடுக்கும் பேக்கப், காலையில் வந்து மாலைக்குள் அழிக்கப்பட்ட மடலை ஒருபோதும் கண்டிருக்காது. பழைய நகல்களும் சில வாரங்களில் புதியவற்றால் மேலெழுதப்பட்டுவிடும். சர்வர் செயலிழந்தால் வேலையைத் திரும்பத் தொடங்குவதற்குப் பேக்கப் வேண்டும். யார் யாருக்கு எப்போது என்ன எழுதினார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தும் காட்ட வேண்டுமென்றால் காப்பகம் வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சமாளிக்க முடியாது.

இவ்வளவையும் புரிந்துகொண்ட பிறகும் நான் வாங்கிய முதல் காப்பகத்தில் அதே ஓட்டை இருந்தது என்பதுதான் வேடிக்கை. அது ஒவ்வோர் அஞ்சல்பெட்டியிலும் ஐமேப் (சர்வரில் உள்ள அஞ்சல்பெட்டியைப் பிற மென்பொருள்கள் திறந்து படிக்கும் வழிமுறை) வழியாக நுழைந்து, இரவில் ஒருமுறை மடல்களை எடுத்துச் செல்லும் வகை. ஒவ்வொருவருக்கும் தனி மேசையும் தனிக் கணினியும் உள்ள அலுவலகத்தில் இது ஓரளவு போதுமாக இருக்கலாம். உணவகத்தில் நிலைமை வேறு. கல்லாவுக்குப் பின்னால் ஒரே கணினி. காலை முறை ஆளும் மாலை முறை ஆளும் ஒரே பெட்டியைத் திறப்பார்கள். பார்த்து முடித்த மடலை அழித்துவிட்டுப் போவதை நல்ல பழக்கம் என்றே கருதுவார்கள். விலை உயர்வு அறிவிப்பு, விருந்து முன்பதிவில் கடைசி நேர மாற்றம், ஒரு விருந்தினரின் ஒவ்வாமை பற்றிய குறிப்பு என்று பின்னால் தகராறுக்கு வரக்கூடிய மடல்கள்தான் அன்றே வேலை முடிந்து அன்றே அழிக்கப்படுபவை. இரண்டு ஆண்டுகளில் நாங்கள் அவசரமாகத் தேடிய மடல்களில் பாதிக்கு மேல் அந்தக் காப்பகத்திற்குள் வந்திருக்கவே இல்லை. தேடல் மட்டும் மிக வேகமாக இருந்தது. இல்லை என்பதை நொடியில் சொல்லிவிடும்.

இரண்டாவது முறை ஜர்னலிங் வழியாக மடல்களைப் பெறும் காப்பகங்களை மட்டுமே பார்த்தேன். ஜர்னலிங்கில் அஞ்சல் சர்வரைக் கடக்கும் ஒவ்வொரு மடலுக்கும் அப்போதே ஒரு நகல் காப்பகத்திற்குச் சென்றுவிடுகிறது. பெறுபவர் அதை அழித்தாரா, வைத்திருந்தாரா என்பதற்கு இடமே இல்லை. இன்னொரு பயனும் உண்டு. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் போன்ற அஞ்சல் சர்வர்கள் அனுப்பும் ஜர்னல் அறிக்கையில் மூல மடலோடு, மறைமுக நகலாக (பிசிசி) சேர்க்கப்பட்டவர்களின் முகவரிகளும், குழு முகவரி விரிந்து உண்மையில் யார் யாருக்குச் சென்றது என்ற பட்டியலும் இருக்கும். "எல்லா மேலாளர்களுக்கும்" என்று அனுப்பிய சுற்றறிக்கை அன்றைய நிலவரப்படி யாருக்கெல்லாம் போயிற்று என்பதை, அந்தக் குழுவின் உறுப்பினர்கள் முழுவதும் மாறிவிட்ட பிறகும் சொல்ல முடிகிறது. ஆட்கள் அடிக்கடி மாறும் தொழிலில் இது சிறிய விஷயமல்ல.

பரிசீலித்தவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூகுள் ஒர்க்ஸ்பேஸின் தக்கவைப்புக் கருவியான கூகுள் வால்ட் தனியாக ஒரு நகலை எடுத்து வைப்பதில்லை. கணக்கிற்குள் இருக்கும் தரவையே விதிப்படி தக்கவைக்கிறது. ஆகவே கணக்கை நீக்கினால் தரவும் போய்விடும். விலகியவர்களுக்கென்று உள்ள காப்பகப் பயனர் உரிமத்திற்கு மாற்றி வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365-இல் தக்கவைப்பு விதியை (மடல்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி) முன்பே போட்டிருந்தால், ஆளை நீக்கிய பிறகும் அவருடைய பெட்டி செயலற்ற பெட்டியாக நிற்கும். ஆனால் ஜர்னல் மடல்களை அதன் அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனின் பெட்டி ஒன்றிற்கே அனுப்ப முடியாது, வெளியே ஓர் இடம் வேண்டும். மெயில்ஸ்டோர் சர்வர் விண்டோஸில் சொந்தமாக நிறுவிக்கொள்வது. பைலர் லினக்ஸில் இயங்கும் திறமூல மென்பொருள். சர்வரைப் பராமரிக்க ஆள் இருந்திருந்தால் கடைசி இரண்டில் ஒன்றை எடுத்திருப்பேன். எங்களிடம் அப்படி ஒருவர் இல்லாததால், ஜர்னலை வாங்கி வைக்கும் ஒரு மேகச் சேவையைச் சந்தாவுக்கு எடுத்தோம்.

ஜர்னலிங்கிலும் ஓர் ஆபத்து உண்டு. அதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. காப்பகம் நகலை ஏற்க மறுத்தால் அன்றாட அஞ்சல் போக்குவரத்தில் எந்தக் குறையும் தெரியாது. மூன்றாம் ஆண்டில் ஓர் அமைப்பு மாற்றத்திற்குப் பிறகு 9 நாட்கள் எதுவும் பதிவாகவில்லை. திரும்பி வந்த ஜர்னல் அறிக்கைகள் யாருமே திறக்காத ஒரு முகவரியில் குவிந்து கிடந்தன. அங்கே இருந்ததால் அவற்றை மீண்டும் ஏற்ற முடிந்தது. அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு சோதனை மடலை அனுப்பி, அது காப்பகத்தில் கிடைக்கிறதா என்று பார்ப்பதைக் கணக்குப் பிரிவின் வேலையாக்கினோம்.

காப்பகத்தை விடவும் அதற்கு முன்னால் செய்த ஒரு மாற்றம்தான் அதிகப் பலன் தந்தது என்று சில சமயம் தோன்றுகிறது. தனிமனிதர் பெயரில் இருந்த முகவரிகளைப் பொறுப்பின் பெயருக்கு மாற்றினோம்: ஒவ்வொரு கிளைக்கும் கொள்முதல், முன்பதிவு, பணியாளர் என்று மூன்று முகவரிகள். ஆள் மாறினாலும் முகவரி மாறுவதில்லை. ஒரு சரக்கு வழங்குநரோடு நான்கு மேலாளர்கள் நடத்திய ஆறு ஆண்டுக் கடிதப் போக்குவரத்து ஒரே இடத்தில் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. பார்வை உரிமையையும் இதன்படியே பிரித்தோம். கிளை மேலாளர் தம் கிளையின் கொள்முதலையும் முன்பதிவையும் தேடலாம். பணியாளர் முகவரியைத் தலைமை அலுவலகத்தில் இருவர் மட்டுமே, அதுவும் இருவரும் சேர்ந்து ஒப்புதல் தந்தால்தான் திறக்க முடியும். யார் என்ன தேடினார் என்ற பதிவேடு தனியாக நிற்கிறது. அந்தப் பதிவேட்டை நிர்வாகியாகிய நானும் திருத்த முடியாது என்பதை வாங்கும்போதே உறுதி செய்துகொண்டேன்.

தேடலைப் பற்றித் தமிழில் மடல் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கிலத்திற்காக ஆக்கப்பட்ட தேடல் பொறிக்கு வேற்றுமை உருபு தெரியாது. "ஒப்பந்தம்" என்று தேடினால் "ஒப்பந்தத்தை", "ஒப்பந்தத்தின்படி" என்று எழுதிய மடல்கள் வருவதில்லை. முன்னொட்டுத் தேடல் இருந்தால் "ஒப்பந்த" என்று மட்டும் கொடுத்து நட்சத்திரக் குறியிட வேண்டும். "அடுப்பு" என்பதற்கு "அடுப்ப" என்று உகரத்தை நீக்கிக் கொடுத்தால்தான் "அடுப்பை", "அடுப்பில்" எல்லாம் சிக்கும். இன்னும் சில பொறிகள் உயிர்மெய்க் குறிகளைச் சொல்லின் பகுதியாகக் கொள்ளாமல் அந்த இடத்திலேயே சொல்லை உடைத்துவிடுகின்றன. செய்முறை விளக்கத்தின்போது விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரி மடல்களில் இது தெரியாது. உங்கள் சொந்த மடல்கள் நூறை ஏற்றித் தேடச் சொல்லுங்கள். கைபேசியில் படம் எடுத்து அனுப்பும் பில்களையும் எங்கள் காப்பகம் படிப்பதில்லை. பொருள் வரியில் பில் எண்ணை எழுதச் சொல்லிப் பழக்கினோம். பாதிப் பேர் எழுதுகிறார்கள்.

எதையும் அழிக்க முடியாத காப்பகம் என்று பெருமையாகச் சொல்வார்கள். முன்பதிவுக்கு முன்பணம் கட்டும் விருந்தினர் சிலர், கேட்காமலேயே அட்டை எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்கப் பாதுகாப்பு எண்ணையும் மடலில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பணம் செலுத்தும் அட்டைகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலையின்படி, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு அந்தப் பாதுகாப்பு எண்ணைக் குறியாக்கம் செய்துகூட வைத்திருக்கக் கூடாது. ஆகவே அழியாத காப்பகம் இங்கே தலைவலியாகிறது. அட்டை எண் போன்ற இலக்க வரிசை உள்ள மடலை அஞ்சல் வாசலிலேயே தடுத்து, கட்டண இணைப்பு ஒன்றைப் பதிலாக அனுப்பும் விதியை வைத்தோம். அதையும் மீறி உள்ளே வந்ததை இருவர் ஒப்புதலோடும் காரணக் குறிப்போடும் நீக்குகிறோம்.

தக்கவைப்புக் காலத்தை எல்லா மடலுக்கும் 7 ஆண்டுகள் என்று ஒரே அளவாகப் போட்டது என் இரண்டாவது பெரிய தவறு. 10 ஆண்டு வாடகை ஒப்பந்தத்திற்கு முன் நடந்த பேச்சுவார்த்தை மடல்கள், ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே காலாவதியாகும் நிலை வந்தது. காலக்கணக்கு மடல் வந்த நாளிலிருந்து ஓடுகிறதா, ஒப்பந்தம் முடியும் நாளிலிருந்தா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலைக்கு விண்ணப்பித்துச் சேராதவர்களின் மடல்களோ மறுமுனை. அவற்றைத் தேவையின்றி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் போன்ற தரவுப் பாதுகாப்புச் சட்டங்களின் நோக்கிற்கு எதிரானது. கணக்குத் தணிக்கையாளரையும் வழக்கறிஞரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, முகவரிக்கு முகவரி காலத்தை எழுதி வாங்கினோம்.

இட அளவு பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு அது சிக்கலாகவில்லை. மின்னஞ்சலில் போகும் இணைப்புக் கோப்பு பேஸ்64 என்ற முறையில் வெறும் எழுத்துகளாக மாற்றப்படுவதால் ஏறத்தாழ 33 சதவீதம் பெருக்கிறது. ஆனால் 11 கிளைக்கும் போன ஒரே விலைப்பட்டியலை ஒருமுறை மட்டும் சேமிக்கும் வசதி அந்தப் பெருக்கத்தை எளிதில் ஈடுகட்டிவிடுகிறது.

வெளியேறும் வழிதான் கடைசிக் கேள்வி. முதல் காப்பகத்திலிருந்து மடல்களை எடுக்க நான்கு மாதம் ஆனது. அவர்கள் கொடுத்த கோப்பு அவர்களுடைய மென்பொருளில் மட்டுமே திறந்தது. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு கிளையின் ஒரு மாத மடல்களை ஈஎம்எல் கோப்புகளாக (பல அஞ்சல் மென்பொருள்களிலும் திறக்கும் பொது வடிவம்) எடுத்து, காப்பகத்தோடு தொடர்பில்லாத கணினியில் திறந்து, இணைப்புகளும் தேதிகளும் சரியாக உள்ளனவா என்று பார்க்கிறோம். சென்ற முறை பார்த்தபோது எல்லாம் இருந்தன, மறைமுக நகல் பெற்றவர்களின் பட்டியலைத் தவிர. அந்தப் பட்டியலைத் தாங்கிய ஜர்னல் உறையோடு சேர்த்து எடுப்பதற்குத் தனித் தெரிவு இருப்பதாகவும், அது எங்கள் சந்தாவில் இல்லை என்றும் சேவையினர் சொன்னார்கள். இந்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதைச் சேர்த்து எழுதி வாங்கியிருக்கிறோம்.