முதல் பூனைப் படம்: ஜிஜியா, பூட்ஸ் போட்டதா, பெயரில்லாததா?

ஆறு வயது மகளுக்கு முதன்முதலாக ஒரு பூனைப் படம் காட்ட வேண்டும். மூன்றை எடுத்து வைத்திருந்தேன்: ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ (1989), ‘கோரலைன்’ (2009), ‘புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்’ (2022). போட்டது கிகியை. இன்றும் அதன் கட்சிதான்.

மூன்றிலும் பூனை பேசும், மூன்றும் கண்ணுக்கு அழகு. அதில் அலச ஒன்றுமில்லை.

பூட்ஸ் பூனை வாள் சுழற்றிச் சிரிக்க வைக்கும். ஆனால் ஒன்பது உயிரில் எட்டைத் தொலைத்துவிட்டு, விசிலடித்தபடி துரத்தும் ஓநாய்க்குப் பயந்து ஓடுகிற கதை அது. அந்த ஓநாய்தான் மரணம். ஒரே ஒருமுறை பார்த்த எனக்கு, பாலை நக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அது பூனை என்பதே மறந்துபோனது. பத்து வயதுக்காரர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

கோரலைனில் வருவது அசல் பூனை. பெயர் கிடையாது, இஷ்டப்பட்டால் வரும், வீட்டிலுள்ள ரகசியக் கதவுக்கு அந்தப் பக்கத்து உலகத்தில் மட்டும் வாய் திறக்கும். பூனையை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் அந்த உலகத்து அம்மாவுக்குக் கண்ணுக்குப் பதில் பொத்தான், அதைப் பூனையே பிய்த்தெடுக்கும். அப்புறம் ராத்திரி விளக்கை யார் அணைப்பது?

சரி, ஜிஜி. துடைப்பத்தில் பறந்து சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் சூனியக்காரச் சிறுமி கிகியின் பூனை. கிகி ஒரு வீட்டில் கொடுக்க வேண்டிய பொம்மைப் பூனை வழியில் காணாமல்போக, அதற்குப் பதிலாக அங்கே அசையாமல் மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பூனை. அந்த வீட்டுக் கிழட்டு நாய் நெருங்கி வந்தபோது மகளும் சேர்ந்து மூச்சை அடக்கினாள். ஆனால் எனக்குத் தீர்ப்பைச் சொன்னது அந்த இடம் இல்லை. கிகியின் பறக்கும் சக்தி குறையும் நாளில் ஜிஜி வெறும் ‘மியாவ்’ என்கிறது. “அதுக்கு உடம்பு சரியில்லையாப்பா?” என்றாள். படத்தை நிறுத்தினேன். கொஞ்சம் யோசித்து அவளே சொன்னாள்: “ஜிஜி பேசுது. கிகிக்குத்தான் புரியல.” மற்ற இரண்டு படங்களில் பூனை ஏன் பேசுகிறது என்று நானே கேட்டதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை: எந்த மொழியில் போடுகிறீர்கள் என்று பாருங்கள். ஜப்பானிய மூலத்தில் கிகி மறுபடி பறந்த பிறகும் ஜிஜி தோளில் ஏறி ‘மியாவ்’ மட்டும்தான் சொல்லும். 1998இல் டிஸ்னி செய்த ஆங்கில டப்பிங்கில் கடைசியில் பேசிவிடும். ஆங்கிலம் எனக்குச் சுலபம். மூலத்தைப் போட்டால் சப்டைட்டிலை நானே தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும், ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு. தொண்டை வறண்டு, இன்னொரு நாள் டப்பிங்கைப் போட்டேன். கடைசியில் ஜிஜி பேசியதும், “இது வேற ஜிஜி” என்று எழுந்து போய்விட்டாள்.

இப்போது பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு உட்காருகிறேன்.