கடன் நோட்டு ஆப், 8 மாசம் யூஸ் பண்ணிட்டு சொல்லுதேன்

ஆப் பேரு வேண்டாம், சொன்னா வெளம்பரம்ம்பாங்க இல்லன்னா வம்புக்கு இழுக்கான்ம்பாங்க. செங்கோட்டையில நமக்கு மளிகை ஹோல்சேல், சரக்கு எடுக்கவங்கள்ல பாதிப்பேரு புளியரைக்கு அந்தப்பக்கம் கேரளாவுல, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் டீக்கடை ஹோட்டல்காரங்க. உள்ளூர் பாக்கின்னா சாயங்காலம் பஜார்ல மூஞ்சியப் பாத்துரலாம், அவங்களப் பாக்க மலை தாண்டணும்லா, அதான் மகன் சொன்னான்னு கார்த்திகை பொறந்தப்ப ஆப்ல ஏத்துனேன்.

ரிமைண்டர் மலையாளத்துல போறது நல்லாருக்கு. பாக்கித்தொகை, யூபிஐ லிங்க் ரெண்டும் சேந்து போறதால, போன்ல "அடுத்த ஆழ்ச்ச தராம் அண்ணாச்சி"ன்னே ஓட்டுதவரு கூட ராத்திரி கடையடைச்சிட்டு ஐநூறு ஆயிரம்னு போட்டு விடுதாரு. முன்ன வாராவாரம் வசூலுக்குன்னே பஸ் ஏறுவேன், இப்ப மாசத்துக்கு ரெண்டு தடவதான்.

ஆனா ஆட்டோ ரிமைண்டர ஆன் பண்ணும்போது பாத்து பண்ணுங்க. அப்பா காலத்து பார்ட்டி ஒருத்தருக்கு வெறும் 340 ரூவாக்கு மூணு நாள் தொடர்ந்து மெசேஜ் போயிருக்கு, எனக்கே தெரியாது. மனுசன் நேர்ல வந்து காச கல்லாவுல வச்சிட்டு டீ கூட குடிக்காம போயிட்டாரு.

பெரிய கொற என்னன்னா மொத்த பாக்கி மட்டும்தான் காட்டுது, எந்த பில்லு எத்தன நாளா கெடக்குன்னு காட்டாது. புனலூர்ல ஒருத்தரு, பாக்கி 18,000, வாராவாரம் சரக்கு எடுக்காரு, வாராவாரம் காசும் போடுதாரு, பாத்தா தங்கமான பார்ட்டி. ஒக்காந்து பில்லு பில்லா பாத்தாதான் தெரியுது, போடுத காசு பூரா புது பில்லுக்கே போயிட்டு இருக்கு, சாமி சீசனுக்குன்னு எடுத்த அரிசி பருப்பு பில்லு மகரவிளக்கு முடிஞ்சு ஆடியும் பொறந்தாச்சு அப்படியே நிக்கி.

இன்னொண்ணு, சரக்கு பாக்கிக்கு கேஸ் போட 3 வருசம்தான் டயம். அதுக்குள்ள பாக்கி உண்டுன்னு அவரு எழுத்துல ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டாருன்னா அன்னைல இருந்து திரும்ப 3 வருசம். ஆப்ல இருக்கது நான் ஏத்துனதுதானே, அவரு கையெழுத்து எங்க இருக்கு? அதனால பழைய நீள நோட்ட இன்னும் தூரப் போடல.

3 ஸ்டார். பில்லு வாரியா நாள் காட்டுனா 4 போடலாம். வெள்ளிக்கெழம நோட்ட எடுத்துக்கிட்டு புனலூர் போறேன்.