அரசுத் தரப்பிலிருந்து தனி பிராக்டீஸுக்கு வந்த அப்பீல் வக்கீல்: எதற்காகப் போகலாம், எதில் கவனம் வேண்டும்

அரசு பிளீடராகவோ கூடுதல் அரசு வழக்கறிஞராகவோ உயர் நீதிமன்றத்தில் பல வருடம் நின்றவர், பதவிக்காலம் முடிந்து தனியாக வக்காலத்து வாங்கத் தொடங்குகிறார். கீழ்க் கோர்ட்டில் தோற்றவரிடம், "கவர்மென்ட் பக்கம் இருந்தவர், உள்ளே எல்லாரையும் தெரியும், அவர்கிட்ட போங்க" என்று நாலு பேர் சொல்வார்கள். அந்தக் காரணத்துக்காகப் போனால் பணம் வீண். அவரிடம் வாங்க வேண்டிய சரக்கே வேறு.

அரசு வக்கீல் அப்பீல்களில் பெரும்பாலும் எதிர்மனுதாரர் நாற்காலியில்தான் இருப்பார். எந்த வாதம் தன்னைத் திணற வைத்தது, எந்த வாதம் அட்மிஷனிலேயே (விசாரணைக்கு ஏற்பதா என்று பார்க்கும் முதல் கட்டத்திலேயே) விழுந்தது என்பது அவருக்கு அத்துப்படி. நில எடுப்பு, சர்வீஸ், வருவாய்த் துறை, வரி வழக்குகளில் இந்த அனுபவம் தங்கம். அரசு உத்தரவு ஒன்றை நீட்டினால் அவர் முடிவை முதலில் படிக்க மாட்டார். நோட்டீஸ் சார்வானதற்கு (உரியவரிடம் சேர்ந்ததற்கு) அத்தாட்சி உண்டா, கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா, கட்சிக்காரர் கொடுத்த விளக்கத்தைப் பரிசீலித்ததற்கு ஒரு வரியாவது இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இந்த முதல் வாசிப்புக்குத் தனியாக ஃபீஸ் கேட்டாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

அடுத்தது இரண்டாம் மேல்முறையீடு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவின்படி, கணிசமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உயர் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். அந்தக் கேள்வியை மெமோவிலேயே (மேல்முறையீட்டு மனுவிலேயே) துல்லியமாக எழுத வேண்டும். "கீழமை நீதிமன்றங்கள் சாட்சியத்தைச் சரியாக ஆராயவில்லை" என்பது கேள்வியே அல்ல. ஒரு நில வழக்கில் எதிராளிக்கு அட்வர்ஸ் பொசஷன் (உரிமையாளருக்கு எதிராக நீண்ட காலம் அனுபவித்ததால் வரும் உரிமை) கிடைத்துவிட்டதாகத் தீர்ப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அனுபவம் எந்தத் தேதியில் எதிரிடையாக மாறியது என்று முடிவு செய்யாமலே, லிமிடேஷன் சட்டம் 65-வது ஆர்ட்டிகிளின் 12 ஆண்டு நிறைவடைந்ததாகக் கொண்டது சட்டப்படி நிற்குமா?" என்று கேட்டால் அது கேள்வி. இப்படி எழுதத் தெரிந்தவரா என்பதை அவர் தயாரிக்கும் டிராஃப்டின் முதல் இரண்டு பக்கத்திலேயே கண்டுகொள்ளலாம். முப்பது நாற்பது கிரவுண்டு (மேல்முறையீட்டுக் காரணம்) வரிசையாக இருந்து, ஒன்றுகூட இந்த வடிவத்தில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

இனி ஓட்டைகள். அரசு அலுவலகத்தில் காப்பி வாங்க, கட்டு தூக்க, ரிட்டர்ன் (குறை சொல்லித் திருப்பிய கட்டு) பார்க்க ஆள் இருக்கும். புதிதாகத் தனி ஆபீஸ் போட்டவரிடம் ஒரு ஜூனியரும் ஒரு குமாஸ்தாவும் இருந்தாலே பெரிது. அப்பீல்கள் கெடுவது பெரும்பாலும் கோர்ட்டில் பேசும் வாதத்தில் அல்ல, இந்த இடத்தில்தான்.

முதலில், தாக்கல் செய்வதற்கான கெடு. சிவில் அப்பீலுக்கு உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள், மாவட்ட நீதிமன்றம் போன்ற மற்ற கோர்ட்டுகள் என்றால் 30 நாள். சிறைத் தண்டனையை எதிர்த்து என்றால் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், செஷன்ஸுக்கு 30 நாள். சான்றிட்ட நகல் வாங்கத் தேவைப்பட்ட காலத்தை லிமிடேஷன் சட்டம் 12-வது பிரிவு கழித்துக் கொடுக்கும். ஆனால் நீங்கள் நகலுக்கு மனுப் போடுவதற்கு முன்பு டிகிரி (தீர்ப்பின்படி எழுதப்படும் முறையான உத்தரவு) தயாரிக்கக் கோர்ட் எடுத்துக்கொண்ட நாட்கள் கழியாது. அதனால் தீர்ப்பு வந்த அன்றே காப்பி மனு போய்விட வேண்டும். நகல் கைக்கு வந்ததும் அதில் குத்தியிருக்கும் தேதிகளைப் பாருங்கள்: மனுப் போட்டது, ஸ்டாம்ப் கேட்டது, ஸ்டாம்ப் கட்டியது, நகல் தயாரானது. ஸ்டாம்ப் கேட்ட பிறகு கட்டாமல் விட்ட நாட்கள் உங்கள் கணக்கில்தான் ஏறும். வக்கீலை இந்தத் தேதிகளை வைத்துக் கடைசி நாளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் யோசியுங்கள்.

தாமதத்தை மன்னிக்கும் மனு அரசுத் தரப்பில் அன்றாடம் போடப்படுவது, அதனால் சிலருக்குக் கெடுவைப் பற்றிய பயம் மங்கியிருக்கும். அரசுக்கே இப்போது அந்தச் சலுகை குறைந்துவிட்டது. 2012-இல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் எதிர் லிவிங் மீடியா வழக்கில் 427 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் மன்னிக்க மறுத்தது. 2020-இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதத்தோடு வந்தபோது 25,000 ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது.

அடுத்து, "ஃபைல் பண்ணியாச்சு" என்ற சொல். அதை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம். மனு உள்ளே போனதும் கிடைப்பது எஸ்.ஆர். நம்பர் (தற்காலிகப் பதிவு எண்) மட்டுமே. குறை இருந்தால் ரெஜிஸ்ட்ரி கட்டை ரிட்டர்ன் செய்யும். தமிழ் ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லை, கோர்ட் ஃபீ குறைவு, டைப் செட்டில் (ஆவணங்களைத் தட்டச்சிட்டுக் கட்டிய தொகுப்பில்) பக்கம் தெளிவில்லை என்று எதுவும் காரணமாகலாம். கொடுத்த நாட்களுக்குள் குறையைச் சரிசெய்து ரீபிரசன்ட் (மறுதாக்கல்) செய்யாவிட்டால் அந்தத் தாமதத்துக்குத் தனி மனு வேண்டும். ரிட்டர்ன் ஆன கட்டு அலமாரியில் மாதக்கணக்கில் கிடப்பது அபூர்வமல்ல. எஸ்.ஆர். நம்பரைக் கேட்டு வாங்குங்கள், வழக்கு நம்பர் ஆகும்வரை வாரம் ஒருமுறை விசாரியுங்கள்.

இன்னொரு பழக்கமும் அங்கிருந்து வரும். அரசு வழக்கில் துறையிலிருந்து பாராவாரி ரிமார்க்ஸ் வந்துவிடும், அதை வைத்து எழுதினால் போதும். கட்சிக்காரரிடமிருந்து விஷயத்தைக் கேட்டுக் கறக்கும் பொறுமை எல்லாருக்கும் உடனே வந்துவிடாது. அதற்கு நீங்களே வழி செய்யலாம். தீர்ப்பின் பாராக்களுக்கு வரிசையாக நம்பர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே எது தவறு, எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது (ஏ3, பி7 என்று கோர்ட் அதற்குக் கொடுத்த குறியீட்டோடு), எந்தச் சாட்சி எந்தப் பக்கத்தில் சொன்னார் என எழுதிக் கொடுங்கள். அரசுத் தரப்பில் வேலை செய்து பழகிய கண் இந்தத் தாளை அரைமணி நேரத்தில் கிரகித்துவிடும்.

வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், தீர்ப்பின் தொடக்கத்தில் வக்கீல்கள் பெயர் இருக்கும் வரிகளைப் படியுங்கள். அதே வழக்கில் அரசுக்காக அவர் பெயர் இருந்தால் அவர் உங்களுக்காக ஆஜராக முடியாது. பார் கவுன்சில் ஒழுக்க விதிகளில் 33-வது விதி, ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ ஆஜரானவரோ எதிர்த்தரப்புக்கு நிற்பதைத் தடுக்கிறது. பெயர் அச்சாகாமல் அந்தக் கோப்பில் ஆலோசனை மட்டும் கொடுத்திருந்தாலும் விதி அதேதான், எனவே நேராகக் கேட்டுவிடுங்கள். "ஜெயித்தால் இவ்வளவு சதவீதம்" என்ற பேச்சு 20-வது விதிப்படி கூடாது. முன்னாள் அட்வகேட் ஜெனரல் என்று போர்டு வைப்பதையும் 36-வது விதி அனுமதிக்கவில்லை. அவர் சீனியர் அட்வகேட்டாக அங்கீகாரம் பெற்றவர் என்றால் வக்காலத்துத் தாக்கல் செய்ய இன்னொரு வக்கீல் வேண்டும், அந்த ஃபீஸும் சேரும்.

ஃபீஸை நிலைவாரியாகப் பிரித்து எழுதி வாங்குங்கள்: வாசிப்பும் கருத்தும், டிராஃப்டும் தாக்கலும், இடைக்கால மனு, இறுதி வாதம். இடைக்கால மனுவை விட்டுவிடாதீர்கள். அப்பீல் போட்டுவிட்டதாலேயே கீழ்க் கோர்ட் டிகிரி நின்றுவிடாது, ஆர்டர் 41 ரூல் 5 அதைத் தெளிவாகவே சொல்கிறது. பண டிகிரி என்றால் ஸ்டே கிடைக்கும்போது ஒரு பகுதித் தொகையைக் கோர்ட்டில் கட்டச் சொல்வது வழக்கம். அந்தப் பணத்தைத் திரட்ட எத்தனை நாள் ஆகும் என்பதை அவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். எத்தனை வாரம் அவகாசம் கேட்பது என்று மனுவை வாதிடும்போது அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.